ஏலம் என்ற சொல்லின் பொருள்



சிங்கப்பெருமாள்கோவிலிலிருந்து ஒரகடம் வழியாக ஸ்ரீபெரும்புதூர் செல்லும் சாலையில் முப்பது ஆண்டுகளுக்கு முன் பயணம் செய்தவர் ஏரிகளையும் வயல்களையும்தான் கண்டிருப்பார். 1998இல் இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் தனது முதல் காரை உருவாக்கியது. 2006இல் ஸ்ரீபெரும்புதூரில் நோக்கியா கைபேசி உற்பத்தியைத் தொடங்கியது. 2010இல் ரெனோ நிஸானும், 2012இல் டைம்லரும் ஒரகடத்தில் ஆலைகளைத் திறந்தன. தமிழகத்தின் பல மாவட்டங்களிலிருந்தும் வடமாநிலங்களிலிருந்தும் இளைஞர்கள் இங்கே வந்து, வாடகை அறைகளில் தங்கி, மூன்று ஷிப்டுகளில் உழைத்து, மாதந்தோறும் வீட்டுக்குப் பணம் அனுப்புகிறார்கள். அவர்களில் நம் பிள்ளைகளும் இருக்கிறார்கள்.

ஆலைகள் திறக்கப்படுவதைப் போலவே மூடப்படுவதும் உண்டு. வரித் தகராறில் சிக்கிய நோக்கியா ஆலை 2014 நவம்பர் 1ஆம் தேதியோடு உற்பத்தியை நிறுத்தியது. ஆயிரக்கணக்கானோர் வேலை இழந்தனர். மூடாத ஆலையிலும் இயந்திரங்கள் பழையதாகும். மேசை, கணினி, வண்டி ஆகியவை மாற்றப்படும். இரும்புக் கழிவு நாள்தோறும் குவியும். அவையெல்லாம் எங்கோ, யாருக்கோ விற்கப்படுகின்றன என்பது இப்பகுதியில் வாழும் எல்லோருக்கும் தெரியும். அப்படி விற்கும் முறைகளில் ஒன்று, இன்று பெரும்பாலும் இணையத்தில் நடக்கும் ஏலம்.

மோசடிக்காரனுக்கு வாசலாக அமைவதும் எல்லோருக்கும் தெரிந்த இந்த உண்மைதான். 'மூடப்பட்ட கம்பெனியின் மடிக்கணினிகள் ஏலத்துக்கு வந்துள்ளன. இன்று மாலைக்குள் ஐயாயிரம் டெபாசிட் கட்டுவோருக்கு மட்டும் அனுமதி' என்ற வகையில் ஒரு செய்தி கைபேசிக்கு வரும். படங்கள் இருக்கும், நிறுவனத்தின் முத்திரையும் இருக்கும். ஆலைகளின் நடுவே வாழ்பவருக்கு அது நம்பத்தக்கதாகவே தோன்றும். முழுப் பொய்யை விட, பாதி உண்மையின் மேல் கட்டப்பட்ட பொய்யே அதிகம் ஏமாற்றுகிறது.

இதிலிருந்து நம்மைக் காத்துக்கொள்வது எப்படி? இக்கேள்விக்குரிய விடையின் பெரும்பகுதி 'ஏலம்' என்ற சொல்லிலேயே இருக்கிறது. ஆகவே அதன் வரலாற்றிலிருந்தே தொடங்குவோம்.

சொல் வந்த வழி

ஏலம் என்பதைத் தூய தமிழ்ச் சொல் என்று எண்ணுவோர் பலர். நம் கடற்கரைக்கு வந்த போர்ச்சுகீசியர் இவ்வகை விற்பனையை 'லெய்லாவ்ம்' என்றனர். அதுவே மலையாளத்தில் லேலம் என்றும், இந்தியில் நீலாம் என்றும், தமிழில் ஏலம் என்றும் ஆயிற்று. போர்ச்சுகீசியருக்கோ அச்சொல் அவர்கள் நாட்டை நெடுங்காலம் ஆண்ட முஸ்லிம்களின் மொழியிலிருந்து கிடைத்தது. அதன் மூலம் 'அல்இஃலாம்' என்ற அரபுச் சொல் என்பர். அறிவித்தல் என்பது அதன் பொருள்.

அறிவித்தலே ஏலம். இன்ன பொருள், இன்னாருடையது, இன்ன குறை உடையது, இன்னார் இவ்வளவு கேட்டிருக்கிறார் என்று யாவரும் கேட்கச் சொல்வதே அது. அறிவிப்பு முழுமையாக இருக்கும் வரை ஏலம் நேர்மையான வணிகம். அதில் ஒன்று மறைக்கப்படும் இடத்தில் மோசடி நுழைகிறது.

மதீனாவில் ஓர் ஏலம்

அன்சாரிகளில் ஒருவர் நபி (ஸல்) அவர்களிடம் உதவி கேட்டு வந்தார். வீட்டில் ஏதேனும் உண்டா என்று நபியவர்கள் வினவினார்கள். பாதியை உடுத்திப் பாதியை விரித்துக்கொள்ளும் ஒரு துணியும், நீர் அருந்தும் ஒரு பாத்திரமும் உண்டு என்றார் அவர். அவற்றைக் கொண்டுவரச் செய்து, தம் கரத்தில் எடுத்துக்கொண்டு, வாங்குபவர் யார் என்று நபியவர்கள் கேட்டார்கள். ஒருவர் ஒரு திர்ஹம் என்றார். அதைவிடக் கூட்டித் தருபவர் யார் என்று மீண்டும் கேட்டார்கள். மற்றொருவர் இரண்டு திர்ஹம் என்றார். பொருள் அவருக்குக் கிடைத்தது. ஒரு திர்ஹத்துக்கு வீட்டாருக்கு உணவும், மற்றொரு திர்ஹத்துக்குக் கோடரியும் வாங்கிவரச் சொல்லி, அக்கோடரிக்குத் தம் கையாலேயே காம்பு பொருத்திக் கொடுத்தார்கள். பதினைந்து நாள் விறகு வெட்டி விற்ற அம்மனிதர் பத்து திர்ஹங்களோடு திரும்பி வந்தார். அனஸ் (ரலி) வழியாக அபூதாவூத் இதை விரிவாகவும், திர்மிதீ சுருக்கமாகவும் பதிவு செய்துள்ளனர்.

உழைப்பின் பெருமைக்குச் சான்றாக நாம் அடிக்கடி கேட்கும் நிகழ்ச்சி இது. இதையே ஓர் ஏலமாகவும் பாருங்கள். பொருள் எல்லோர் கண்ணுக்கும் முன்னால் இருந்தது. அது யாருடையது என்பதும் தெரிந்திருந்தது. விலை கேட்ட இருவரும் உண்மையாகவே வாங்க விரும்பியவர்கள். பணமும் பொருளும் அதே இடத்தில் கைமாறின. மறைவாக எதுவுமே நடக்கவில்லை.

இந்நான்கில் ஒன்று குறைந்தாலும் என்ன நேரும் என்பதையும் நபிவழி சொல்கிறது. வாங்கும் எண்ணம் இல்லாமல், பிறரை ஏமாற்றுவதற்காக விலையை ஏற்றிக் கேட்பதற்கு 'நஜ்ஷ்' என்று பெயர். புகாரீ, முஸ்லிம் ஆகிய இரு தொகுப்புகளிலும் அதற்குத் தடை வந்துள்ளது. கடைவீதியில் ஒரு தானியக் குவியலுக்குள் கையை விட்ட நபியவர்கள், உள்ளே ஈரம் இருக்கக் கண்டு, மக்கள் பார்க்கும்படி அதை மேலே வைத்திருக்கக் கூடாதா என்று கேட்டார்கள். மழையில் நனைந்த தானியத்தை விற்பது அங்கே குற்றமாகவில்லை. நனைந்ததை அடியில் மறைத்ததே குற்றமாயிற்று. தலையில் பட்ட காயத்தால் வணிகத்தில் அடிக்கடி ஏமாந்துவந்த ஹப்பான் இப்னு முன்கித் (ரலி) அவர்களுக்கு, 'ஏமாற்று இருக்கக் கூடாது' என்ற நிபந்தனையைச் சொல்லியே வாங்கும்படி கற்றுக்கொடுத்தார்கள். பொருளைத் திருப்பிக் கொடுக்க அவருக்கு மூன்று நாள் அவகாசம் இருந்ததாகவும் அறிவிப்புகள் கூறுகின்றன. எளிதில் ஏமாறுபவரைச் சந்தைக்கு வராதே என்று தடுக்காமல், அவர் பாதுகாப்பாக வாங்குவதற்கான வழியை அமைத்துக் கொடுத்ததை நாம் கவனிக்க வேண்டும்.

பிற்காலத்து நகரங்களில் சந்தையைக் கண்காணிக்க முஹ்தஸிப் என்ற அதிகாரி இருந்தார். 12ஆம் நூற்றாண்டில் சிரியாவின் அஷ்ஷைஸரீ அவருக்காக ஒரு கையேடு எழுதினார். ஏலம் கூறுவோரும் தரகரும் நம்பிக்கைக்குரியவராக இருக்க வேண்டும். தாமாகவே விலையை ஏற்றக் கூடாது. விற்பவரோடு இரகசியக் கூட்டு வைத்துக்கொள்ளக் கூடாது என்பன அதில் உள்ள விதிகள். எண்ணூறு ஆண்டுகளுக்கு முன்பே இவற்றை எழுதி வைக்கும் தேவை இருந்தது என்பதிலிருந்து, இந்தத் தந்திரங்கள் எவ்வளவு பழையவை என்பது விளங்கும்.

திறக்காத சிப்பியின் விலை

நம் முன்னோரும் ஏலத்தை நன்கு அறிந்தவர்களே. கீழக்கரையிலிருந்தும் காயல்பட்டினத்திலிருந்தும் முஸ்லிம்கள் மன்னார் வளைகுடாவின் முத்துக்குளிப்புக்குச் சென்றனர். இலங்கைக் கரையின் மரிச்சுக்கட்டியில் 1905இல் நடந்த குளிப்பில் 8 கோடிக்கும் மேற்பட்ட சிப்பிகள் எடுக்கப்பட்டன. அரசுக்கு 25 லட்சம் ரூபாய் வருவாய் கிடைத்தது. கரைக்கு வந்த சிப்பிகளில் மூன்றில் ஒரு பங்கு குளித்தவர்களுக்கு, மீதி அரசுக்கு. அரசின் பங்கு ஆயிரம் ஆயிரமாக மாலைதோறும் ஏலம் விடப்பட்டது.

அங்கே ஏலம் போனது திறக்காத சிப்பி. உள்ளே முத்து உண்டா இல்லையா என்பது விற்பவருக்கும் தெரியாது, வாங்குபவருக்கும் தெரியாது. 'கரர்' என்று மார்க்க அறிஞர் எச்சரிக்கும் நிச்சயமின்மைக்கு இதைவிடத் தெளிவான உதாரணம் கிடைப்பது அரிது. ஆயினும் அங்கேகூட ஓர் அறிவிப்பு இருந்தது. குளிப்புக்கு முன்பே மாதிரிக்குச் சில ஆயிரம் சிப்பிகளை எடுத்துத் திறந்து, கிடைத்த முத்துகளை வல்லுநர்களைக் கொண்டு மதிப்பிட்டு, ஆயிரம் சிப்பிக்கு இவ்வளவு பெறும் என்பதை அரசு வெளியிட்டது. வணிகர் அதைக் கணக்கில் கொண்டே விலை கேட்டனர்.

படத்தை மட்டும் பார்த்துப் பணம் அனுப்புபவரும் திறக்காத சிப்பியைத்தான் வாங்குகிறார். மரிச்சுக்கட்டியில் கிடைத்த மாதிரி மதிப்பீடுகூட அவருக்குக் கிடைப்பதில்லை. அங்கே சிப்பியாவது கைக்கு வந்தது. இங்கே பல வேளைகளில் அதுவும் வருவதில்லை.

சந்தை இணையத்துக்குப் போனபோது

1995 செப்டம்பரில் பியர் ஒமிடியார் என்பவர் அமெரிக்காவில் ஓர் ஏலத் தளத்தைத் தொடங்கினார். பின்னாளில் ஈபே ஆனது அதுதான். அங்கே முதலில் விற்றதாகச் சொல்லப்படும் பொருள் உடைந்துபோன ஒரு லேசர் சுட்டுக்கருவி, விலை 14.83 டாலர். அது உடைந்தது என்பது வாங்கியவருக்குத் தெரியும், அறிந்தே வாங்கினார். ஈரத் தானியத்தை மேலே வைத்து விற்றதற்கு இது நிகர்.

ஐந்தே ஆண்டுகளில் மறுபக்கமும் வெளிப்பட்டது. 2000ஆம் ஆண்டு மே மாதம், கலிபோர்னியாவின் வழக்கறிஞர் கென்னத் வால்டன் ஓர் ஓவியத்தை அத்தளத்தில் 25 சென்ட் தொடக்க விலைக்கு ஏலம் விட்டார். பழம்பொருள் விற்பனையில் தற்செயலாகக் கிடைத்தது என்று கதை கட்டினார். புகழ்பெற்ற ஓவியர் ரிச்சர்ட் டீபன்கார்னின் படைப்பாக இருக்கலாம் என்று பார்ப்பவர் தாமே ஊகிக்கும்படி அதன் மூலையில் எழுத்துகளைப் பொறித்திருந்தார். விலை 1,35,805 டாலர் வரை ஏறியது. அவரும் கூட்டாளிகளும் பல பெயர்களில் புகுந்து, தங்கள் பொருள்களுக்குத் தாங்களே விலை ஏற்றி வந்தது பின்னர் தெரியவந்தது. விற்பனை ரத்தாயிற்று, 2001இல் வழக்குப் பதிவாகி, வால்டன் குற்றத்தை ஒப்புக்கொண்டார். மதீனாவின் சந்தையில் தடுக்கப்பட்ட நஜ்ஷ் இதுவே. இணையம் அதற்குப் பல முகமூடிகளைத் தந்தது, அவ்வளவுதான்.

இந்தியாவில் 2000இல் தொடங்கிய பாஸி டாட் காம் என்ற ஏலத் தளத்தை 2004இல் ஈபே வாங்கியது. அதன் 'பைசாபே' என்ற ஏற்பாடு நம் கவனத்துக்கு உரியது. வாங்குபவர் செலுத்தும் பணம் உடனே விற்பவரைச் சேராது. பொருள் அனுப்பப்பட்டுச் சேரும் வரை இடையில் நிறுத்தி வைக்கப்படும். 2018 ஆகஸ்டில் அத்தளம் இந்தியாவில் மூடப்பட்டது. பழைய பொருள் வாங்குவோரும் விற்போரும் விளம்பரத் தளங்களுக்கும் வாட்ஸாப், ஃபேஸ்புக் குழுக்களுக்கும் சென்றனர். அதே காலத்தில் 2016இல் அறிமுகமான யுபிஐ, பணத்தை நொடியில் அனுப்பும் வசதியைத் தந்தது. அறிமுகமற்ற இருவருக்கிடையில் பணத்தை நிறுத்தி வைக்கும் கை பல இடங்களில் இல்லாமல் போனது. பணமோ முன்னெப்போதையும் விட வேகமாகப் போகத் தொடங்கியது. இன்றைய மோசடிகளில் பல இந்த இடைவெளியில்தான் வாழ்கின்றன.

உண்மையான ஏலத்தின் அடையாளங்கள்

போலியைக் கண்டறிய வேண்டுமானால் அசல் எப்படி நடக்கிறது என்பதை முதலில் அறிந்திருக்க வேண்டும்.

மத்திய அரசின் எம்.எஸ்.டி.சி. நிறுவனம் 1964இல் இரும்புக் கழிவு வணிகத்துக்காகத் தொடங்கப்பட்டது. இன்று பொதுத்துறை நிறுவனங்கள் உள்ளிட்ட பலருடைய பொருள்களை மின்னேலத்தில் விற்றுத் தருகிறது. 2015இல் நிலக்கரிச் சுரங்கங்களின் ஏலம்கூட அதன் தளத்தில்தான் நடந்தது. அங்கே கலந்துகொள்பவர் தம் அடையாளத்தைக் காட்டிப் பதிவு செய்ய வேண்டும். என்ன பொருள், எவ்வளவு, எங்கே கிடக்கிறது, எந்த நாளில் நேரில் பார்க்கலாம் என்பவை ஏலப் பட்டியலில் இருக்கும். 'எங்கு, எந்த நிலையில் இருக்கிறதோ அப்படியே' என்ற நிபந்தனையோடு விற்பதால், போய்ப் பார்ப்பது வாங்குபவரின் பொறுப்பு.

வங்கிகள் கடனுக்காகக் கைப்பற்றிய வீடு, மனைகளை 2002ஆம் ஆண்டின் சர்ஃபாசி சட்டப்படி ஏலம் விடும்போது, இரண்டு முன்னணி நாளிதழ்களில் அறிவிப்பு வெளியிட வேண்டும். அவற்றில் ஒன்று அவ்வட்டார மொழியில் இருக்க வேண்டும். முதல் ஏலம் என்றால் அறிவிப்புக்கும் விற்பனைக்கும் இடையில் 30 நாள் அவகாசம் தர வேண்டும். ஏலம் கிடைத்தவர் விலையில் நான்கில் ஒரு பங்கை அன்றோ அடுத்த வேலைநாளிலோ கட்ட வேண்டும். மீதியைப் பொதுவாக, விற்பனை உறுதியான பதினைந்தாம் நாளுக்குள் செலுத்த வேண்டும். சொல்லின் பழைய பொருளைச் சட்டம் எவ்வளவு அழுத்தமாகப் பிடித்திருக்கிறது என்பதைப் பாருங்கள்: அறிவிப்பு இல்லையேல் ஏலம் இல்லை.

இதன் எதிரில் போலியை வைத்துப் பாருங்கள். நாளிதழ் அறிவிப்பு இருக்காது. அவகாசத்துக்குப் பதிலாக அவசரம் இருக்கும். பொருளைப் பார்க்க வேண்டும் என்றால், ஆலைக்குள் வெளியாரை விடமாட்டார்கள் என்று பதில் வரும். டெபாசிட் தொகை நிறுவனத்தின் கணக்குக்குப் போகாமல் ஒரு தனிமனிதரின் யுபிஐ எண்ணுக்குப் போகும். அதைக் கட்டியபின் ஜி.எஸ்.டி. என்றும், லாரி வாடகை என்றும் அடுத்தடுத்துக் கேட்பார்கள். முதலில் கொடுத்ததை இழந்துவிடக் கூடாதே என்ற ஏக்கமே மேலும் மேலும் கொடுக்க வைக்கும்.

வேறொரு வகையில், விற்பவன் தன்னை இராணுவ வீரன் என்பான். இடமாறுதல் வந்ததால் வண்டியை மலிவாகத் தருவதாகச் சொல்லி அடையாள அட்டையின் படத்தை அனுப்புவான். நாட்டின் பல பகுதிகளில் காவல்துறை எச்சரித்த பழைய தந்திரம் இது. மற்றொரு வகையில், நாம் விற்கும் பொருளை வாங்க வருபவன்போல் பேசி, பணம் பெறுவதற்காக என்று கியூஆர் குறியீட்டை அனுப்பி ஸ்கேன் செய்யச் சொல்வான். ஒன்றை மனத்தில் நிறுத்துங்கள்: யுபிஐயில் பணம் பெறுவதற்கு ரகசிய எண் தேவையே இல்லை. அந்த எண்ணைக் கேட்கிறது என்றால், உங்கள் கணக்கிலிருந்து பணம் வெளியேறப் போகிறது என்று பொருள்.

ஆகவே பணம் அனுப்பும் முன் மதீனாவின் அந்த நான்கையும் கேளுங்கள். பொருளை நேரில் பார்த்தேனா? விற்பவர் யார், விற்கும் உரிமை அவருக்கு உண்டா என்பதை அவர் தந்த எண்ணில் கேட்காமல், அந்நிறுவனத்திலேயே நேரில் விசாரித்தேனா? உடன் விலை கேட்பவர்கள் உண்மையானவர்களா? பணமும் பொருளும் ஒரே நேரத்தில் கைமாறுகின்றனவா? பழைய இருசக்கர வண்டி என்றால், ஆர்.சி. புத்தகத்தில் உள்ள பெயரையும் இன்ஜின், சேஸிஸ் எண்களையும் வண்டியோடு ஒப்பிட்டுப் பாருங்கள். கடன் நிலுவை இல்லையென உறுதி செய்யுங்கள். ஒரு கேள்விக்கேனும் விடை 'இல்லை' என்றால் விலகிவிடுங்கள். நழுவிப் போகும் மலிவு நமக்கு எழுதப்படாத ரிஸ்க் என்று மனத்தைத் தேற்றிக்கொள்ளலாம்.

ஏமாந்தவரும் அறிவிக்க வேண்டும்

இவ்வளவுக்குப் பிறகும் ஒருவர் ஏமாறலாம். அப்போது தாமதம்தான் பெரிய எதிரி. 1930 என்ற எண்ணை உடனே அழைத்துச் சொல்ல வேண்டும். தேசிய சைபர் குற்றப் புகார்த் தளத்திலும் பதிவு செய்யலாம். தம் வங்கிக்கும் தெரிவிக்க வேண்டும். பணம் ஒரு கணக்கிலிருந்து மற்றொன்றுக்குத் தாவிச் செல்லும் முன் அதை நிறுத்தி வைக்க வழி உண்டு. அதற்கு ஒவ்வொரு மணி நேரமும் முக்கியம். கணினி வழியே ஆள்மாறாட்டம் செய்து ஏமாற்றுவோருக்குத் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66டி பிரிவு மூன்றாண்டு வரை சிறை விதிக்கிறது.

ஆனால் பலர் சொல்வதில்லை. அத்தாவுக்குத் தெரிந்தால் திட்டுவார், நண்பர்கள் சிரிப்பார்கள் என்ற வெட்கம் வாயை அடைத்துவிடுகிறது. பெற்றோரிடம் ஒரு வேண்டுகோள்: ஒரகடத்தில் அறை எடுத்துத் தங்கியிருக்கும் மகன் இப்படி ஒரு செய்தியோடு அழைத்தால், 'உனக்கு ஏன் இந்த வேலை' என்று தொடங்காதீர்கள். '1930க்குச் சொல்லிவிட்டாயா' என்று முதலில் கேளுங்கள். ஹப்பான் (ரலி) தாம் ஏமாறுவதை எடுத்துச் சொன்னபோது அவருக்குக் கிடைத்தது ஏளனம் அன்று, பாதுகாப்பு.

கடைசியாக, நம் பக்கத்தையும் நாம் பார்க்க வேண்டும். பழைய இரும்பு, பழைய கைபேசி, பழைய வாகனம் ஆகிய தொழில்களில் நம்மவர் பலர் இருக்கிறார்கள். குழுவில் ஒரு பொருளை ஏலம் விட்டுவிட்டு, விலையைச் சற்று ஏற்றிவிடுமாறு நண்பனுக்குத் தனியே செய்தி அனுப்புவது சிறிய விஷயமாகத் தோன்றலாம். அது நஜ்ஷ். பேட்டரி மாற்றப்பட்டதைச் சொல்லாமல் கைபேசியை விற்பது, ஈரத் தானியத்தை அடியில் வைப்பது. தொழில் பெரிதா சிறிதா என்பதில் இல்லை. அறிவிப்பு உண்மையா என்பதில்தான் சம்பாத்தியத்தின் தூய்மை இருக்கிறது.

அந்த அன்சாரித் தோழரின் துணிக்கும் பாத்திரத்துக்கும் கிடைத்தவை இரண்டே திர்ஹங்கள். நேர்மையாக வந்த அந்த இரண்டு பதினைந்து நாளில் பத்தாகத் திரும்பின. நம் கொடுக்கல் வாங்கல்களிலும் அத்தகைய பரக்கத்தை அல்லாஹ் அருள்வானாக.